வண்டியில் மாற்றங்கள் செய்தால் மைலேஜ் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாய் வீல், அகலமான டயர், மேலே கேரியர், முன்னால் பம்பர் கார்டு, கூடுதல் விளக்கு. ஒவ்வொன்றாக மாட்டிய பிறகுதான் "முன்பு கொடுத்த மைலேஜ் இப்போது ஏன் இல்லை?" என்ற கேள்வி வருகிறது. இன்னொரு பக்கம், மைலேஜைக் கூட்டித் தருவதாகச் சொல்லி விற்கும் பொருள்களுக்கும் குறைவில்லை. இரண்டு பக்கக் கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியில் பிறகு நாம் சேர்ப்பவற்றில் பெரும்பாலானவை எரிபொருளைக் கூடுதலாகக் குடிப்பவை. மிச்சம் பிடிப்பவை மிகச் சில. ஏன் அப்படி என்பது தெரிந்துவிட்டால், வாங்கும் முன்பே நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எரிபொருள் உண்மையில் எதற்குச் செலவாகிறது?

முதலில் எஞ்சினே பெரும்பங்கை வெப்பமாக விட்டுவிடுகிறது. பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும். அந்தச் சிறு பங்கு மூன்று இடங்களுக்குப் போகிறது: காற்றைக் கிழித்துக்கொண்டு போக, டயர் உருள, நின்ற வண்டியை மறுபடி வேகமெடுக்க வைக்க.

ஒரு சாதாரண காரை எடுத்துக்கொள்வோம். எடை 1,200 கிலோ, காற்றுத்தடைக் குணகம் (உருவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.32, முன்பரப்பு 2.2 சதுர மீட்டர். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்று அதை ஏறக்குறைய 80 நியூட்டன் விசையோடு தடுக்கும். டயர்களின் உருளல் தடை 118 நியூட்டன். அதே கார் 100 கி.மீ. வேகத்தில் போனால் உருளல் தடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆனால் காற்றுத்தடை நான்கு மடங்காகி 325 நியூட்டனைத் தொட்டுவிடும். வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்கு, அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு.

இந்த ஒரு கணக்கிலேயே பாதி விடைகள் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு உருவத்தை மாற்றிக் காற்றுத்தடையைக் கூட்டும் எதுவும் கேடு. நகரத்தில் நின்று நின்று போகும் வண்டிக்கு எடையைக் கூட்டும் எதுவும் கேடு. டயர் இரண்டு இடத்திலும் கணக்கில் வரும்.

மேலே ரூஃப் கேரியர் மாட்டினால் எவ்வளவு குறையும்?

நாம் மாட்டும் பொருள்களில் மைலேஜை அதிகம் தின்பது இதுதான் என்பேன். அமெரிக்க எரிசக்தித் துறை பொதுமக்களுக்குத் தரும் கணக்குப்படி, கூரைமேல் பெரிய பெட்டி வைத்தால் நகர ஓட்டத்தில் 2 முதல் 8 சதவீதம் வரை மைலேஜ் குறைகிறது. நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம். மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 10 முதல் 25 சதவீதம் வரை போகும். அதே சாமானை வண்டிக்குப் பின்னால் மாட்டும் பெட்டியில் வைத்தால் இழப்பு நகரத்தில் 1, 2 சதவீதம். நெடுஞ்சாலையில் 1 முதல் 5 சதவீதம். பின்பக்கம் வண்டியின் நிழலிலேயே பெட்டி போவதால் புதிதாகக் காற்றைக் கிழிக்கும் வேலை அதற்குக் குறைவு.

சரி, பெட்டி இல்லை, வெறும் கம்பிகள்தான் என்றால்? அதற்கும் விலை உண்டு. கூரை வழியாக வழுக்கிப் போகும் காற்றோட்டத்தைக் குறுக்குக் கம்பி வெட்டிக் குலைக்கிறது. உருண்டை, சதுரக் கம்பிகள் மோசம்; விமான இறக்கை போல் சரிவாகச் செய்த கம்பிகள் பரவாயில்லை. வேகமெடுத்தால் கூரையில் ஊளைச் சத்தம் கேட்கிறதல்லவா, அந்தச் சத்தத்தை உண்டாக்கும் ஆற்றலும் உங்கள் டேங்கிலிருந்து போவதுதான். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளரும் பங்கேற்று 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் கார் போன்ற சிறு வாகனங்கள் செலவழிக்கும் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் இந்தக் கேரியர்களால் போகிறது என்று மதிப்பிட்டது. காலியாகவே மாட்டிக்கொண்டு திரியும் வண்டிகளின் பங்கும் அதில் கணிசம். வருடத்தில் இரண்டு பயணத்துக்காகப் போட்ட கேரியரை மற்ற நாள்களில் கழற்றி வையுங்கள். ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும்.

பம்பர் கார்டு, கூரை விளக்குப் பட்டை, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்?

மூன்றும் ஒரே திசையில்தான் இழுக்கும். எஃகு பம்பர் கார்டு எடையையும் காற்றுத்தடையையும் சேர்த்தே கூட்டுகிறது. 45 கிலோ கூடினால் சராசரியாக 1 சதவீத மைலேஜ் போகும் என்பது பொதுவான கணக்கு. வண்டி சிறியதாக இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். பம்பர் கார்டு விஷயத்தில் மைலேஜைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: மோதலின்போது நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டிய பாகங்களை அது தாண்டிப் போய்விடுகிறது, ஏர்பேக் விரியும் கணக்கையும் குழப்பலாம், எதிரே நடந்து வருபவருக்கு ஆபத்தைக் கூட்டுகிறது. மைலேஜ் பற்றிய பக்கம்தான் இது. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வண்டியை உயர்த்தினால் அடியில் புகும் காற்று கூடும், சக்கரங்கள் காற்றில் அதிகம் வெளியே தெரியும். கரடுமுரடான பாதையில் நிஜமாகவே ஓட்டுபவருக்கு அந்த உயரம் வேண்டும். தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதற்காகக் கூடுதல் எரிபொருள் ஊற்றிக்கொண்டே இருப்பார்.

அகலமான டயர் போட்டால்?

டயர் உருளும்போது தரையில் படும் பகுதி நசுங்கி, மறுபடி விரிகிறது. ரப்பர் அந்த ஒவ்வொரு நசுக்கலிலும் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டயரைத் தொட்டால் சூடாக இருக்கக் காரணம் அதுதான். எவ்வளவு ஆற்றல் போகிறது என்பதை ரப்பர் கலவை, டயரின் கட்டமைப்பு, காற்றழுத்தம், எடை எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. சாதாரண கார் டயரின் உருளல் தடைக் குணகம் (வண்டி எடையில் எத்தனை பங்கு உருளல் தடையாக வருகிறது என்ற எண்) 0.010 அளவில் இருக்கும். சிக்கனத்துக்காகவே செய்த டயர்கள் 0.007 வரை இறங்கும். பெரிய கட்டைகள் கொண்ட ஆஃப்-ரோடு டயர்கள் 0.012-க்கு மேல் போய்விடும்.

அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு வாரியம் 2006-இல் தந்த மதிப்பீட்டின்படி, உருளல் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும். அதே கணக்கு தலைகீழாகவும் பொருந்தும். ஆகவே சிக்கன டயரைக் கழற்றிவிட்டு முரட்டு டயர் போடுபவர், நகர ஓட்டத்திலேயே சில சதவீதத்தை இழக்கிறார்.

அகலம் மட்டுமே குற்றவாளி என்று சொல்ல முடியாது. அகலமான டயரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் பிடிமானத்துக்காக மென்மையான ரப்பரும் கூடவே வருகிறது, எடையும் கூடுகிறது, முன்பரப்பும் சற்று விரிகிறது. எல்லாம் சேர்ந்துதான் மைலேஜை இறக்குகின்றன. எந்த டயர் போட்டாலும் காற்றழுத்தத்தைக் கவனியுங்கள்: நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் போகும். அதற்காகக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடைத்துவிடாதீர்கள். நடுப்பகுதி சீக்கிரம் தேயும், ஈரச் சாலையில் பிடிமானம் குறையும்.

பெரிய டயர் போட்டதும் மைலேஜ் சட்டென்று குறைந்துவிட்டது. அவ்வளவும் உண்மையான இழப்பா?

எல்லாம் உண்மை இல்லை. ஓடோமீட்டர் சக்கரச் சுற்றுகளை எண்ணித்தான் தூரத்தைச் சொல்கிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும். மீட்டருக்கோ அது தெரியாது.

உதாரணத்துக்கு 185/65 ஆர்15 டயரின் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், வீல் 15 அங்குலம்) விட்டம் சுமார் 621 மி.மீ. அதை எடுத்துவிட்டு 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 647 மி.மீ. ஆகும், 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம். இப்போது 32 லிட்டர் ஊற்றி, மீட்டர் 480 கி.மீ. காட்டினால் லிட்டருக்கு 15 கி.மீ. என்று எழுதிக்கொள்வீர்கள். வண்டி உண்மையில் ஓடியதோ 500 கி.மீ. அப்படியானால் சரியான மைலேஜ் 15.6. பழைய டயரில் 16 கிடைத்திருந்தால், ஒரு கிலோமீட்டர் போய்விட்டது என்று நினைத்த இடத்தில் உண்மையில் போனது 0.4 தான்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்கிறது ஐ.நா. வாகன விதி எண் 39. அதனால் பல வண்டிகளில் அது சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். முள் 100 காட்டும்போது நீங்கள் அதற்கும் மேலே போய்க்கொண்டிருக்கலாம்.

வீல் பெரிதாக வேண்டும் என்றால், மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 185/65 ஆர்15-க்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் விட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், மீட்டரும் பொய் சொல்லாது. போடும் முன் வண்டிக் கையேட்டில் அந்த அளவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, எடைத் தாங்கு எண் போதுமா என்றும் பாருங்கள்.

அலாய் வீல் எடை குறைவு என்கிறார்கள். மைலேஜ் கூடுமா?

ஒரே அளவில் எஃகு வீலைவிட இலேசான அலாய் கிடைத்தால் நகர ஓட்டத்தில் மிகச் சிறிய நன்மை உண்டு. ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. அலாய்க்கு மாறுபவர் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ பெரிதாகவும் எடுத்துவிடுகிறார். எடை பழைய நிலைக்கே வந்துவிடும், சில சமயம் தாண்டியும் போகும்.

சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் பத்து கிலோ குறைத்ததற்குச் சமம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. சுழலும் பொருளை வேகமெடுக்க வைக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டும் என்பது சரிதான். ஆனால் முழு எடையும் டயரின் வெளி விளிம்பிலேயே இருந்தால்கூட, அது இரண்டு மடங்காகக் கணக்கில் வருமே தவிர அதற்கு மேல் போகாது. சீரான வேகத்தில் ஓடும்போது அந்த வித்தியாசமும் இல்லை.

அதிகக் காற்று விடும் ஏர் ஃபில்டர் போட்டால் மைலேஜ் கூடுமா?

இன்றைய ஃப்யூவல் இஞ்செக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் கூடாது. காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதே காரணம் வேறு பல பொருள்களுக்கும் பொருந்தும்.

பெட்ரோல் எஞ்சினின் சக்தியைக் கட்டுப்படுத்துவதே காற்றைத் தடுத்துத்தான். நீங்கள் ஆக்சிலரேட்டரைப் பாதி மிதிக்கும்போது திராட்டில் தகடு பாதி மூடி நின்று காற்றை அடைக்கிறது. ஃபில்டர் கொஞ்சம் தாராளமாகக் காற்று விட்டால், அதே வேகத்தில் போகத் திராட்டிலைச் சற்று அதிகமாக மூட வேண்டிவரும். எஞ்சினுக்குள் போகும் காற்று அதே அளவுதான். எவ்வளவு எரிபொருள் கலக்க வேண்டும் என்பதை ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கணினி முடிவு செய்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை அது விடாமல் பிடித்திருக்கும். அப்படியிருக்க மிச்சம் எங்கிருந்து வரும்?

ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதற்கு நேர்மாறான சோதனையைச் செய்தது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியபோதும் இத்தகைய நவீன வண்டிகளில் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. பழைய கார்புரேட்டர் வண்டிகள் வேறு விதம். அவற்றில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் 2 முதல் 6 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கலாம்.

எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் ஃபில்டர்களில் இன்னொரு சிக்கல்: எண்ணெய் அதிகமானால் அது காற்றோட்டத்தை அளக்கும் சென்சாரில் போய்ப் படியும். சென்சார் தவறாக அளந்தால் கலவையும் தவறும்.

சத்தமான சைலன்சர்?

அதிக ஆர்.பி.எம்.மில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டும்போது சில குதிரைத்திறன் கூடலாம். அன்றாட ஓட்டத்தில் புகை வெளியேறும் அளவே குறைவு, ஆகவே தடையும் பெரிதில்லை. மைலேஜில் வித்தியாசம் தெரியாது. சத்தம் பிடித்துப்போய் ஆக்சிலரேட்டரை அடிக்கடி முறுக்குவதால் குறைவதுதான் அதிகம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டால் மைலேஜ் கூடும் என்பதை நம்பாதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். கழற்றினால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வடிகட்டப்படாமல் நம் மூச்சுக்கே வரும்.

ஈசியு ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது) செய்தால் சக்தியும் மைலேஜும் சேர்ந்தே கூடும் என்கிறார்களே?

சக்தி கூடும், அதில் சந்தேகமில்லை, குறிப்பாக டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) உள்ள வண்டிகளில். மைலேஜ் என்பது நிபந்தனையோடு வரும் விஷயம். டர்போ டீசலில் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே முறுக்குவிசை கூடினால், முன்னதாகவே மேல் கியருக்கு மாறலாம், ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் ஏறலாம். அப்படி நிதானமாக ஓட்டுபவருக்குச் சிறிது மிச்சம் கிடைக்கக்கூடும். கிடைத்த சக்தியை அனுபவிக்கத் தொடங்கினால் அந்த மிச்சம் நிற்காது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் ரீமேப்பால் பெறக்கூடியது சொற்பம். அதற்காக கிளட்ச், கியர்பாக்ஸ், உத்தரவாதம் எல்லாவற்றையும் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிலர் ரீமேப்போடு ஈஜிஆர் வால்வை (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு) அடைப்பதையும் டீசல் வண்டியின் துகள் வடிகட்டியை எடுப்பதையும் சேர்த்துச் செய்கிறார்கள். வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரிக்க அவ்வப்போது கூடுதல் டீசல் செலவழிக்கும் என்பது உண்மை. அதை எடுத்தால் அந்தச் செலவு போகும். ஆனால் நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நுண்கரியைத் தெருவில் கொட்டித்தான் அந்தச் சில சதவீதத்தை மிச்சம் பிடிக்க வேண்டும். இதை எந்தக் கணக்கிலும் என்னால் சிக்கனம் என்று ஏற்க முடியவில்லை. பெட்ரோல் வண்டியில் ஈஜிஆரை அடைப்பது மைலேஜுக்கே எதிரானது. அந்த வால்வு விடும் புகைக் காற்றால்தான் திராட்டில் சற்று அதிகம் திறந்து, எஞ்சின் காற்றை இழுக்கப் படும் பாடு குறைகிறது.

எரிபொருள் குழாயில் காந்தம், ஹைட்ரஜன் கிட், டேங்கில் போடும் மாத்திரை, ஓபிடி துளையில் (வண்டிக் கணினியோடு பேசப் பட்டறையில் பயன்படுத்தும் இணைப்பு) செருகும் சாதனம்: இவற்றில் ஏதாவது வேலை செய்யுமா?

இவற்றை நம்பிப் பணம் போடுபவர்கள் பெரும்பாலும் எரிபொருள் செலவால் உண்மையிலேயே சிரமப்படுபவர்கள். அதனால் தெளிவாகவே சொல்கிறேன்: வாங்க வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மைலேஜைக் கூட்டும் என்று சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை மதிப்பிட்டிருக்கிறது. மிகச் சிலவற்றில் மட்டும் சிறிய பலன் தெரிந்தது. குறிப்பிடத்தக்க அளவு மைலேஜைக் கூட்டியது எதுவும் இல்லை. சில சாதனங்கள் எஞ்சினைக் கெடுக்கவோ புகையைக் கூட்டவோ செய்யும் என்றும் எச்சரிக்கப்பட்டிருக்கிறது.

காந்தம் பெட்ரோல் மூலக்கூறுகளை "ஒழுங்குபடுத்தி" நன்றாக எரிய வைக்கும் என்பார்கள். இன்றைய எஞ்சின் சரியாக ஓடும்போது உள்ளே போகும் பெட்ரோலில் மிகப் பெரும்பகுதி ஏற்கெனவே முழுதாக எரிந்துவிடுகிறது. எரியாமல் வீணாகும் எரிபொருளே சொற்பம் என்றால், அதை மீட்டு 20, 30 சதவீதம் எப்படிக் கூட்ட முடியும்?

ஹைட்ரஜன் கிட் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வரும் வாயுவை எஞ்சினுக்கு விடுகிறது. 20 ஆம்பியர் இழுக்கும் கிட்டுக்குச் சுமார் 275 வாட் மின்சாரம் வேண்டும். அதைத் தர, வண்டிக்கு மின்சாரம் ஆக்கித் தரும் ஆல்டர்நேட்டர் எஞ்சினிடமிருந்து 400 வாட்டுக்கு மேல் வாங்கும். தண்ணீரைப் பிரித்துக் கிடைக்கும் ஹைட்ரஜனில் உள்ள ஆற்றல், போட்ட மின்சாரத்தைவிடக் குறைவு. அதை மறுபடி எஞ்சினில் எரித்தால் அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகும். ஒவ்வொரு படியிலும் நஷ்டம். மணிக்கு 6 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் எஞ்சினில் ஏறக்குறைய 53 கிலோவாட் வெப்பம் எரிகிறது. அதன் முன்னால் இந்த வாயு ஒரு பொருட்டே இல்லை.

ஓபிடி துளையில் செருகி "கணினிக்குக் கற்றுக்கொடுக்கும்" மலிவுச் சாதனங்களைப் பிரித்துப் பார்த்தவர்கள், பலவற்றில் விளக்கு மின்னுவதற்கான சுற்று மட்டுமே இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

எல்இடி விளக்கு மாற்றினால் மிச்சமா? பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்தால் செலவா?

இரண்டும் உண்டு, இரண்டும் சிறியவை. 55 வாட் ஹாலஜன் இரண்டை எடுத்துவிட்டு எல்இடி போட்டால் ஐம்பது, அறுபது வாட் மிச்சம். எரிபொருளில் கண்ணுக்குத் தெரியாது. பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ஆயிரம் வாட் என்று எழுதியிருந்தாலும் சராசரியாக அது இழுப்பது அதில் சிறு பங்குதான். ஸ்பீக்கர் பெட்டிகளின் எடையை மட்டும் கணக்கில் வையுங்கள்.

ஸ்பாய்லர் வைத்தால் காற்றுத்தடை குறையுமா?

ஸ்பாய்லரின் வடிவத்தைப் பொறுத்தது. டிக்கி விளிம்பிலோ கூரையின் பின் ஓரத்திலோ தயாரிப்பாளரே காற்றுச்சுரங்கத்தில் சோதித்து வைத்த சிறிய விளிம்பு, காற்று வண்டியை விட்டுச் சுத்தமாகப் பிரிய உதவித் தடையைக் குறைக்கலாம். உயரமான இறக்கை அதற்கு நேரெதிர். வண்டியைத் தரையோடு அழுத்துவதுதான் அதன் வேலை; அந்த அழுத்தத்தை அது இலவசமாகத் தருவதில்லை, தடையாக வாங்கிக்கொள்கிறது. பந்தயத்தில் வளைவுகளில் அது வேண்டும்.

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டை சர்வீஸின்போது கழற்றி அப்படியே விட்டுவிடுவதும் ஒரு மாற்றம்தான். அடியில் போகும் காற்றைச் சீராக வைத்திருப்பது அந்தத் தட்டு. திரும்ப மாட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக் மாற்றம்?

கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்க, "கெட்டியாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லது" என்று 10டபிள்யூ-30 ஊற்றினால் 1 முதல் 2 சதவீதம் போகும். சொன்ன ஆயிலையே ஊற்றினால் போதும். இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும். நன்றாக இருக்கும் சாதாரண பிளக்கை எடுத்துவிட்டு அதைப் போட்டால் மைலேஜ் ஏறாது. பழைய பிளக் தேய்ந்து மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவது) ஆகிக்கொண்டிருந்தால் மாற்றியதும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதை இரிடியத்தின் பெருமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பைக்கில் ஸ்ப்ராக்கெட் மாற்றினால்?

பின் ஸ்ப்ராக்கெட்டை (சங்கிலி மாட்டும் பல்சக்கரம்) 42 பல்லிலிருந்து 39-க்கு இறக்கினால் அதே வேகத்தில் எஞ்சின் 7 சதவீதம் மெதுவாகச் சுழலும். நெடுஞ்சாலையில் சீராக ஓடுபவருக்கு மைலேஜ் கொஞ்சம் கூடலாம். ஆனால் இழுவை குறையும். நகரத்திலும் ஏற்றத்திலும் அடிக்கடி கியரைக் குறைத்து, கிளட்ச்சைப் பிடித்தே ஓட்ட நேர்ந்தால் கிடைத்தது கைவிட்டுப் போகும். சில பைக்குகளில் வேகத்தை அளக்கும் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். அவற்றில் ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் மீட்டரும் தவறும். முன் சக்கரத்திலிருந்து அளக்கும் பைக்கில் இந்தத் தொல்லை இல்லை.

கார்புரேட்டர் பைக்கில் ஏர்பாக்ஸை எடுத்துவிட்டுப் பாட் ஃபில்டர் போடுபவர், ஈடுகட்டப் பெரிய ஜெட்டும் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) போட வேண்டிவரும். அத்தோடு பெட்ரோல் கூடுதலாகப் போகத் தொடங்கும். பக்கவாட்டுப் பெட்டிகளும் அப்படித்தான்: பைக்கின் முன்பரப்பு சிறியது, ஓட்டுபவரின் உடலே அதில் பெரும்பங்கு. இரண்டு பக்கமும் பெட்டி நீட்டிக்கொண்டிருந்தால் காரைவிட விகிதத்தில் அதிகமாகவே அடிவாங்கும். இருக்கைக்குப் பின்னால், உங்கள் முதுகு மறைவில் சாமானை வையுங்கள்.

சிஎன்ஜி, எல்பிஜி கிட் மாட்டினால் மைலேஜ் கூடுகிறதே?

எண் கூடுகிறது. ஆனால் இரண்டு வேறு அளவுகளை ஒப்பிடுகிறோம். சிஎன்ஜி கிலோவில் விற்கப்படுகிறது, பெட்ரோல் லிட்டரில். ஒரு கிலோ சிஎன்ஜியில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் இருக்கிறது. கிலோவுக்கு 24 கி.மீ. கிடைத்தால், ஆற்றல் கணக்கில் அது லிட்டருக்கு 16 கி.மீ. கிடைப்பதற்குச் சமம். எல்பிஜி தலைகீழ்: ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு, அதனால் அதே தூரத்துக்கு 20 முதல் 25 சதவீதம் அதிக லிட்டர் செலவாகும். உங்களுக்கு லாபமா என்பதை ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எஃகு சிலிண்டரின் எடையும் வண்டியோடு எந்நேரமும் வரும். வாயு, காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் எஞ்சின் சக்தியும் கொஞ்சம் குறையும்.

அப்படியானால் உண்மையிலேயே பலன் தரும் மாற்றம் எதுவுமே இல்லையா?

இருக்கிறது. தேய்ந்த டயரை மாற்றும்போது உருளல் தடை குறைந்த டயரைத் தேர்ந்தெடுப்பது கார்களுக்குத் தெளிவான பலன் தரும். நீண்ட தூரம் ஓடும் லாரிகளில் காற்றை வழிப்படுத்தும் பாகங்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. லாரி பெரிய சதுரப் பெட்டி. நாள் முழுக்க நெடுஞ்சாலை வேகத்தில் ஓடுகிறது. கேபினுக்கு மேல் சரிவான மறைப்பு, டிரெய்லரின் இரண்டு பக்கமும் அடிப்பாவாடை, பின்னால் மடிந்த வால் தகடுகள் என்று சேர்க்கும்போது காற்று சுழன்று இழுப்பது குறைகிறது. அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய ஸ்மார்ட்வே திட்டம் இத்தகைய பாகங்களைச் சோதித்து அங்கீகரிக்கிறது. பக்கப் பாவாடைகளுக்கு மட்டும் 4, 5 சதவீத மிச்சம் என்ற அளவுகோல் அதில் உண்டு. வருடத்துக்கு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் லாரிக்கு 5 சதவீதம் என்பது ஆயிரக்கணக்கான லிட்டர் டீசலில் கைவைக்கும் விஷயம்.

ஒரு மாற்றம் பலன் தந்ததா என்று நானே எப்படி அளப்பது?

முழு டேங்க் முறைதான் நம்பகமானது. ஒரே பம்பில், வண்டி ஒரே மாதிரி நிற்கும்படி நிறுத்தி, முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடிய தூரத்தை அடுத்த முறை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பல டேங்குகளின் சராசரியை எடுங்கள். பிறகு மாற்றத்தைச் செய்து அதே வழித்தடத்தில் அதே அளவு ஓட்டுங்கள். முடிந்தால் பொருளைக் கழற்றிவிட்டு மூன்றாவது சுற்றும் அளந்து பாருங்கள். மைலேஜ் பழைய நிலைக்குத் திரும்பினால்தான் அந்தப் பொருளுக்குப் பெருமை. திரும்பாவிட்டால் வெயிலோ, போக்குவரத்தோ, உங்கள் கால் மென்மையானதோ காரணம். புதுச் சாதனம் மாட்டியவர் தெரியாமலே நிதானமாக ஓட்டத் தொடங்கிவிடுவார். பல "20 சதவீதக்" கதைகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

இன்னொன்று, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணே நம்மை ஏமாற்றும். 10-லிருந்து 12-க்கு ஏறினால் 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 24-க்கு ஏறினால் 8 லிட்டர்தான், எண்ணில் தெரியும் உயர்வு இருமடங்காக இருந்தாலும். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால், அதிகம் குடிக்கும் வண்டியில் உள்ள கேரியரை முதலில் கழற்றுங்கள்.

மின்வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு. மின்வண்டி பிரேக் பிடிக்கும்போது வேகத்தில் இருந்த ஆற்றலின் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அதனால் கூடுதல் எடையால் நகரத்தில் வரும் இழப்பில் கொஞ்சம் மீண்டு வரும். காற்றுக்கும் டயருக்கும் கொடுத்தது திரும்பாது. மோட்டாரில் வெப்பமாக வீணாவது குறைவு என்பதால், செலவாகும் ஆற்றலில் காற்றுத்தடையின் பங்கு இங்கே இன்னும் பெரிது. கூரையில் பெட்டி வைத்து நெடுஞ்சாலையில் போனால் திரையில் காட்டும் ரேஞ்ச் கண்ணெதிரே இறங்கும். அந்தப் பயணத்துக்கு சார்ஜ் நிறுத்தங்களைக் கிளம்பும் முன்பே கூடுதலாகத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.